விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் செய்த சிஸ்டம்: ரைசன் 5 5600 சிபியு (ப்ராசஸர்), பி450 மதர்போர்டு. விசிறிகள் சுற்றின, திரை வரவில்லை. ரேமை ஸ்லாட் மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன். பலனில்லை. போர்டின் ஓரத்தில் 'சிபியு' என்ற சின்ன சிவப்பு விளக்கு மட்டும் அணையவே இல்லை.

துப்பு அதுதான். பி450 வந்தது 2018-இல், 5600 வந்தது 2022-இல். பயாஸ் என்பது கணினியைத் தொடக்கி வைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள். நெடுநாள் ஸ்டாக்கில் கிடந்த போர்டின் பழைய பயாஸுக்கு இந்தச் சிபியுவை அடையாளம் தெரியாது.

நல்லவேளை, திரை வராமலேயே பென்டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்க உதவும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் போர்டில் இருந்தது. பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, புதிய பயாஸ் கோப்புக்கு மேனுவலில் சொன்ன பெயரையே வைத்தேன். பின்பக்கம் அதற்கென்று குறித்த யூஎஸ்பி போர்ட்டில்தான் செருக வேண்டும். மற்றதில் வேலைக்கு ஆகாது. நடுவில் கரண்ட் போனால் வம்பு என்று யுபிஎஸ்ஸில் இணைத்து, பட்டனை அழுத்தினேன். விளக்கு மினுக்கி ஓய்ந்ததும் ஆன் செய்தேன். பயாஸ் திரை வந்துவிட்டது. அப்பாடா!