வன்னியிலிருந்து இணையவழிக் கல்லூரிக் கிரெடிட்: முயற்சியாண்மை படிக்க முதல் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பிலேயே கல்லூரிப் பாடம் ஒன்றிரண்டை முடித்து, அதற்குக் கிடைக்கும் கிரெடிட்டை (பட்டத்துக்குக் கணக்கில் எடுக்கும் பாட அலகை) பிறகு பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்வது வழமை. அப்படியான சில பாடங்கள் இணையத்தில் மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கின்றன. கிளிநொச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்துகொண்டே முயற்சியாண்மையையும் வணிகத்தையும் இப்படிப் படிக்கலாம். காசு கட்ட முதல் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்திருக்க வேண்டும்: இந்தக் கிரெடிட்டை எங்கே கொண்டுபோய்ப் பாவிக்கப் போகிறீர்கள்?

இலங்கை அரச பல்கலைக்கழகம்தான் இலக்கென்றால் இது அனுமதிக்கு உதவாது. அங்கே உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதான் (பாடங்களுக்கிடையிலான வேறுபாட்டைச் சமன்செய்து கணிக்கும் புள்ளி) பேசும். வவுனியாப் பல்கலைக்கழக வணிகக் கற்கைகள் பீடத்துக்கும் அப்படித்தான். வெளிநாட்டுப் பட்டமோ, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே நடத்தும் தனியார் நிறுவனமோ இலக்கென்றால், அதன் அனுமதிப் பிரிவுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போடுங்கள். பாடத்தின் பெயர், குறியீட்டு இலக்கம், கிரெடிட் வழங்கும் நிறுவனம் மூன்றையும் எழுதி, "கட்டாயப் பாடத்துக்குப் பதிலாக ஏற்பீர்களா, விருப்பப் பாடமாக மட்டுமா?" என்று கேளுங்கள். விருப்பப் பாடம் என்று பதில் வந்தால் உங்கள் செலவோ காலமோ குறையாமலே போகலாம். பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

அமெரிக்கக் கணக்கில் 3 கிரெடிட் பாடம் என்பது ஏறத்தாழ 45 மணி நேர வகுப்பும், அதன் இரு மடங்கு சொந்தப் படிப்பும். மொத்தம் 135 மணி. 12 வாரத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்கு 11 மணிக்குக் கொஞ்சம் மேலே. உயர்தர இரண்டாம் வருடத்தில் ரியூஷனோடு இதையும் தூக்கினால் இரண்டும் கெடும். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள இடைவெளி ஏற்ற காலம். உயர்தரம் முடிந்து பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் மாதங்கள் அதைவிட நல்லது.

முதலில் இலவசமாகப் படியுங்கள். செய்லர் அகாடமி என்ற அமெரிக்க இணையக் கல்வித் தளத்தில் வணிக அறிமுகம், சந்தைப்படுத்தல், நிதிக் கணக்கீடு போன்ற பாடங்கள் இலவசம். அவற்றில் சிலவற்றுக்கு மட்டும், இணையக் கண்காணிப்போடு நடக்கும் தேர்வில் 70 வீதம் எடுத்தால் கிரெடிட் பரிந்துரை உண்டு; அதாவது கிரெடிட்டாக ஏற்கலாம் என்ற சிபாரிசு, ஏற்பது பல்கலைக்கழகத்தின் முடிவு. எந்தப் பாடம் என்பதைப் பாடப்பக்கத்திலேயே பாருங்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் யுனிவேர்சல் லேர்னர் திட்டம் வேறு மாதிரி. 25 டொலரில் பதிந்து படிக்கலாம். முடிவில் கிடைத்த தரம் பிடித்தால் மட்டும் 400 டொலர் கட்டிக் கிரெடிட்டைப் பதிவேட்டில் ஏற்றலாம். டொலர் 300 ரூபா என்று பிடித்தால் அந்த இரண்டாவது தொகை 1,20,000 ரூபா. தரம் சுமாராக இருந்தால் கட்டாமல் விடுவதே புத்தி. முயற்சியாண்மைக்கு அடித்தளமான நுண்பாகப் பொருளியலை (மைக்ரோ எக்கனொமிக்ஸ்) இந்தத் திட்டத்தில் எடுக்கலாம். பாடம் முடித்ததற்கான சான்றிதழ் வேறு, கிரெடிட் ஏறிய உத்தியோகபூர்வப் பெறுபேற்றுப் பத்திரம் வேறு. கிரெடிட் கேட்கும் பல்கலைக்கழகம் பார்ப்பது இரண்டாவதை.

ஆங்கிலம் இடறும். வணிகச் சொற்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூலிலும், தேசிய கல்வி நிறுவகத்தின் உயர்தர வணிகக் கல்வி வழிகாட்டியிலும் முதலில் படித்துவிட்டு வீடியோவுக்குப் போனால் பாதிச் சுமை குறையும்.

பதியும்போது பெயரில் கவனம். பிறப்புச் சான்றிதழில் முழுப்பெயர், பள்ளியில் முதலெழுத்து, கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டல் என்றால் தேர்வன்று அடையாளம் பார்ப்பவர் உள்ளே விடமாட்டார். கடவுச்சீட்டு இருந்தால் அதில் உள்ளபடியே பதியுங்கள். அப்பா, அம்மாவின் வங்கி அட்டையில் கட்டுவதென்றால் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிடச் சொல்லி வங்கிக்கு அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அட்டையில் காசிருந்தும் மறுக்கப்படும்.

கெடு நேரத்திலும் பலர் ஏமாறுவார்கள். அரிசோனா நம்மைவிட 12½ மணி நேரம் பின்னால். அங்கே ஞாயிறு இரவு 11.59 என்றால் இங்கே திங்கள் பகல் 12.29, பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரம். ஞாயிறு பகலே அனுப்பிவிடுங்கள். வீடியோவை 360 அல்லது 480 தரத்தில் பாருங்கள். 720 தரத்தில் மணிக்கு ஒரு ஜிபி அளவுக்குப் போகும். கண்காணிப்புத் தேர்வுக்குப் போனை நம்பவேண்டாம், கமரா உள்ள லப்டொப் தேவை. கரண்ட் போனால் ரவுட்டரும் போகும். பற்றரியை நிரப்பி, போன் ஹொட்ஸ்பொட்டைத் தயாராக வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் இடிமழை என்பதால் காலை நேரத்தையே எடுங்கள். தேர்வு நடக்கும் அறைக்குள் தம்பி தங்கை எட்டிப் பார்த்தாலும் அது சந்தேகமாகப் பதியப்படும். வீட்டுக்காரருக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

முயற்சியாண்மைப் பாடத்தில் ஒப்படைதான் (அசைன்மென்ட்) உயிர். ஏதோ ஒரு கற்பனைப் போன் செயலியைப் பற்றி எழுதி அனுப்புவார்கள் பலர். புள்ளி அங்கேதான் குறையும். கையில் பிடித்துக் கணக்குப் பார்க்கக்கூடிய ஊர்ப்பொருளை எடுங்கள். கச்சானை (நிலக்கடலையை) வைத்துப் பார்ப்போம். உடைத்த கச்சான் ஒரு கிலோ 1000 ரூபா என்று வைப்போம். வறுத்துத் தோல் நீக்க 900 கிராம் தேறும் என்றால், 50 கிராம் பக்கற் 18. உப்பு, விறகு 60; பை ஒன்று 4 ரூபாப்படி 72; ஒரு மணி நேரக் கூலி 150. மொத்தம் 1282, ஒரு பக்கற்றின் அடக்கவிலை 71 ரூபா 22 சதம். கடைக்கு 80 ரூபாவுக்குக் கொடுத்தால் 18 பக்கற்றில் 158 ரூபா மிஞ்சும். இரண்டு பக்கற் விற்காமல் திரும்பினால் வரவு 1280. இரண்டு ரூபா நட்டம்! மாணவர் விடும் தவறு அந்த 150 ரூபாக் கூலியை மறப்பது. "நான்தானே வறுக்கிறேன்" என்று விட்டால் ஆளை வைத்துச் செய்யத் தொடங்கிய அன்றே கணக்குக் கவிழும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கூட்டத்துக்கு என்று தனியாகவும், சாதாரண நாளுக்கு என்று தனியாகவும் விற்பனையை மதிப்பிட்டு எழுதினால் திருத்துபவருக்குச் சந்தை புரியும். வாடிக்கையாளரிடம் கேட்கும்போது "வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள், நம் சனம் மறுக்க வெட்கப்படும். "போன கிழமை எத்தனை வாங்கினீர்கள், எங்கே, என்ன விலைக்கு?" என்று கேட்டு, விடையை அப்படியே குறித்து இணையுங்கள். ஒப்படை தமிழில் யோசித்து எழுதியதாக இருந்தாலும், இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய வரி ஒன்று இருந்தால் ஒப்பீட்டு மென்பொருள் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒப்படையை உண்மையான வியாபாரமாக்க நினைத்தால், 18 வயதுக்குக் குறைந்தவர் பெற்றோர் பெயரிலேயே பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவது நல்லது. உணவுப் பொருளென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் கேளுங்கள். பொதியிடலுக்கும் லேபலுக்கும் அருகிலுள்ள விதாதா வள நிலையத்தில் (சிறு தொழிலுக்குத் தொழில்நுட்ப உதவி தரும் அரச நிலையம்) விசாரிக்கலாம். நிகர எடை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, முகவரி, விலை இல்லாத லேபலை அச்சடித்துவிட்டு மறுபடி அடிப்பது வீண் செலவு.