சாவண்டலை மரத்தில் ஒற்றைமர வில்: முதன்முறை செய்வோருக்கான செய்முறை

ஒட்டுப் பலகையோ இழைநாரோ சேர்க்காமல் ஒரே மரத்துண்டில் செதுக்கி எடுக்கும் வில்லுக்கு ஐரோப்பாவில் யூ மரத்தைப் பெரிதாகச் சொல்வார்கள். நமது இலங்கை மண்ணிலோ சாவண்டலை இருக்கிறது. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் இம்மரத்தை ஆங்கிலேயர் திருகோணமலையின் பெயராலேயே அறிந்திருந்தனர். சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும், வண்டிப் பாகங்களுக்கும், இங்கே சாராயம் முதிரவைக்கும் பீப்பாய்களுக்கும் அது பயன்பட்டு வந்தது. கனமும் வலுவும் நெகிழ்வும் ஒருசேர அமைந்திருந்தும், வில் செய்பவர்கள் இதனை அதிகம் நாடுவதில்லை.

மொறட்டுவை மரக்காலைகளில் கேட்கும்போது, உரிய அனுமதியுடன் வெட்டப்பட்ட மரமா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். 6 அடி நீளமும் 2 அங்குல அகலமும் 1½ அங்குலத் தடிப்பும் கொண்ட, கணுவும் வெடிப்பும் அற்ற வைரப் பகுதிச் சட்டம் போதும். நிறத்தையோ பளபளப்பையோ பார்க்க வேண்டாம்; மரநார் ஓடும் திசையைப் பாருங்கள். சீவிய முகத்தில் ஒரு துளி பேனா மையை வைத்தால், அது நாரின் வழியே மெல்லிய கோடாக நீளும். நான்கைந்து இடங்களில் வைத்த துளிகள் யாவும் சட்டத்தின் விளிம்புக்குச் சமாந்தரமாக நீண்டால் வாங்கலாம். சாய்ந்து விளிம்பை நோக்கி ஓடினால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். வில் முறிவது பெரும்பாலும் அந்தச் சாய்வின் வழியேதான்.

அடுத்தது உலர்த்தல். கொழும்பில் வில் செய்பவர் மற்ற எல்லாவற்றையும்விட அதிக அக்கறை காட்ட வேண்டிய இடம் இதுவே. இங்குள்ள காற்றில் எத்தனை மாதம் வைத்தாலும் மரத்தின் ஈரம் 14, 15 சதவீதத்துக்குக் கீழே எளிதில் இறங்காது; வில்லுக்கோ 8 முதல் 10 சதவீதம் வேண்டும். என் முதல் வில்லை ஐப்பசி மழையில், உலர்த்தாமலே வளைத்தேன். நாணைக் கழற்றிய பிறகும் அது மூன்று அங்குலம் வளைந்தபடியே நின்றது. எய்பவரை நோக்கியிருக்கும் வயிற்றுப்பக்கத்தில், நகத்தால் கீறியதுபோன்ற குறுக்குக் கோடுகள் தோன்றியிருந்தன. விரலை ஓட்டினால் அவை மெல்லத் தடுக்கின. நெருக்கத்தைத் தாங்காமல் நார்கள் நசுங்கியதன் அடையாளம் அது. அப்படி நசுங்கிய மரம் மீள்வதில்லை.

இதற்கு ஒரு சூட்டுப்பெட்டி செய்துகொள்ளலாம். நீண்ட ஒட்டுப்பலகைப் பெட்டியின் அடியில், மரத்தைத் தொடாதபடி, ஓர் இழை மின்குமிழைப் பொருத்தி, மேலும் கீழும் காற்றுத்துளைகள் இடுங்கள். அறைக் காற்றைவிட உள்ளே பத்துப் பாகை சூடேறினால், ஏறத்தாழ 78 சதவீதமாக இருந்த சாரீரப்பதன், அதாவது காற்றின் ஒப்பீட்டு ஈரப்பதம், 45 சதவீதத்துக்கு அருகில் இறங்கிவிடும். முழுச்சட்டத்தை அப்படியே வைத்தால் வெடிக்கக்கூடும் என்பதால், வில்லின் பருவடிவத்தைச் சற்றுத் தடிப்பாக வெட்டி, இரு முனைகளிலும் மெழுகு பூசிய பின்னரே உள்ளே வையுங்கள். நாள்தோறும் நிறுத்து எழுதிவாருங்கள். ஒரு வாரம் எடை மாறாதிருந்தால் உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வடிவம் எளிது. மொத்த நீளம் 66 அங்குலம்; நடுவில் 4 அங்குலம் பிடி; அதன் இருபுறமும் 2 அங்குலத்தில் தடிப்பு சரிந்து இறங்கட்டும். அங்கே அகலம் 1¾ அங்குலம். அதிலிருந்து நுனியில் ½ அங்குலம் வரை நேர்கோடாகக் குறுகட்டும். பிடியின் இருபுறமும் வளையும் பாகங்களான வில்லின் கைகளின் தடிப்பை 9/16 அங்குலத்தில் தொடங்குங்கள். வாளாலும் சீவுளியாலும் கோட்டுக்கு வந்ததும், எய்பவருக்கு மறுபுறம் இருக்கும் முதுகை வழவழப்பாக்கி, விளிம்புகளை உருட்டிவிடுங்கள். அதன் பிறகு முதுகில் உளி படவே கூடாது. இனி மரம் குறைவதெல்லாம் வயிற்றுப்பக்கத்தில்தான். தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் அவசியம்.

இனி வளைவை ஒழுங்குபடுத்த வேண்டும். தடிப்பு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஆகவே இவ்விடத்தில் சீவுளியை வைத்துவிட்டு, அரத்தையும் சுரண்டு தகட்டையும் எடுங்கள். நுனியைத் தரையில் ஊன்றி அழுத்தி, இரு கைகளும் மெல்ல வளைவதைப் பார்த்த பின், நுனியிலிருந்து அரை அங்குலம் உள்ளே நாண்வெட்டுகளை இட்டு, தொய்வான நீண்ட கயிற்றைக் கட்டுங்கள். வில்லைச் சுவர்த்தாங்கியில் வைத்து, கயிற்றைக் கப்பி வழியாக, இழுவிசையைக் காட்டும் விற்றராசு (சுருள்வில் தராசு) ஒன்றைக் கோத்து, எட்ட நின்று இழுங்கள். எந்த இடம் விறைத்து நிற்கிறதோ அங்கு மட்டும் பென்சிலால் குறியிட்டுச் சுரண்டுங்கள். அதிகம் வளையும் இடத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொரு சுரண்டலுக்குப் பின்பும் இருபது, முப்பது தடவை மெதுவாக இழுத்தால்தான் செய்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும். முதல் வில்லுக்கு 35 இறாத்தல் இழுவிசை போதும்; விற்றராசு எப்போதும் அந்த அளவைத் தாண்டக் கூடாது. இரு கைகளும் ஒத்து வளைந்ததும் குறுநாண் பூட்டி, பிடிக்கும் நாணுக்கும் இடையே 6 அங்குலம் விட்டு, இழுப்பை ஒவ்வோர் அங்குலமாக 26 அங்குலம் வரை கொண்டுசெல்லுங்கள். இதற்கு எனக்கு மூன்று மாலைகள் ஆகின்றன. அதைக் குறைக்க நான் முயல்வதில்லை.

நாணுக்கு டாக்ரோன் எனப்படும் பொலியெஸ்டர் நூல் நல்லது. ஈரம் திரும்ப ஏறுவதைத் தாமதிக்க, அரக்குப் பூச்சை ஐந்தாறு மெல்லிய படைகளாகப் பூசுங்கள். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடாதீர்கள். முழு விசையும் மரத்திலேயே இறங்கி வில்லை உடைத்துவிடும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, சுவரில் இரண்டு முளைகளின் மேல் கிடையாக வையுங்கள். மழை மாதங்களில் அதன் இடம் சூட்டுப்பெட்டிதான்.