ஆழ்கடல் கலக்கத்தை எக்செல்லில் கணக்கிடுவது எப்படி?

எங்கள் ஊர் தாராபுரம் பக்கம். கடலைப் பார்க்க பஸ் ஏறிப் பாதி நாள் போக வேண்டும். ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு உண்டு. சித்திரை வெயிலில் குதித்தால் மேலே வெதுவெதுப்பு. ஓர் ஆள் ஆழம் போனதும் கால் விறைக்கும். பசங்க நாலு பேர் குதித்து ஆடினால் அந்த அடுக்கு கலைந்து மேலேயும் சில்லென்று ஆகிவிடும்.

ஆழ்கடலில் இந்த வேலையைச் செய்வது உள்ளலைகள். கடலுக்குள்ளே, நீர் அடுக்குகளின் ஊடே ஓதமும் காற்றும் கிளப்பிவிடும் அலைகள் அவை. உடையும்போது கனமான நீர் மேலே, லேசான நீர் கீழே என்று புரளும். புரளலின் உயரம் தெரிந்தால், கலக்கமும் அதில் கரையும் ஆற்றலும் தோராயமாகத் தெரிந்துவிடும். 1977-ல் கடலியலாளர் ஸ்டீவ் தோர்ப் இதைச் செய்துகாட்டியது கடலில்கூட இல்லை, ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில்.

தேவை: சி.டி.டி. தரவு. கப்பலிலிருந்து கம்பியில் இறக்கும் இந்தக் கருவி உப்பு, வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளக்கும். முறைப்படி அடர்த்தியைத்தான் எடுக்க வேண்டும். இங்கே உப்பு மாறவில்லை என்று வைத்துக்கொண்டு, அழுத்தத்தால் ஏறும் சூட்டைக் கழித்த வெப்பநிலையை மட்டும் எடுக்கிறேன். எண்கள் பழகுவதற்காக நான் போட்டவை.

படி 1. ஆழம், வெப்பநிலை (டிகிரி செல்சியஸ்) என்று இரண்டு நெடுவரிசையில் உள்ளிடுங்கள்:

2000 மீ – 2.504
2001 மீ – 2.501
2002 மீ – 2.502
2003 மீ – 2.503
2004 மீ – 2.500

படி 2. வெப்பநிலையை மட்டும் நகலெடுத்து, சூடானது மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். ஆழத்தையும் சேர்த்து நகர்த்திவிட்டால் கதை முடிந்தது.

படி 3. 2001-ல் இருக்கும் 2.501-இன் இடம் 2003. இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறது. 2.503 அதற்கு நேர் எதிர். புரண்ட மூன்று அளவுகளின் விலகல் 2, 0, −2. வர்க்கச் சராசரி 2.67, அதன் மூலம் 1.63 மீட்டர். இதுதான் தோர்ப் அளவு.

படி 4. அடுக்கு எவ்வளவு இறுக்கம்? அதைச் சொல்லும் எண்தான் N; தட்டிவிட்ட நீர் எவ்வளவு வேகமாக ஆடும் என்பதும் அதிலேயே தெரியும். வரிசைப்படுத்திய பட்டியலில் மீட்டருக்கு 0.001 டிகிரி இறங்குகிறது. நீரின் விரிவுக் குணகம் அந்த ஆழத்தில் சுமார் 0.00013. ஆக, புவியீர்ப்பு 9.8-ஐச் சேர்த்து, N² = 9.8 × 0.00013 × 0.001 = 0.00000127; N = 0.00113. அந்த நீரைத் தட்டிவிட்டால் ஒருமுறை மேலும் கீழும் ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம், கோயம்புத்தூரிலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் போகிற நேரம்! வரிசைப்படுத்தாத பட்டியலை எடுத்தால் புரண்ட இடத்தில் N² எதிர்ம எண்ணாகி, வர்க்கமூலம் கேட்டதும் எக்செல் பிழை காட்டும்.

படி 5. ஆற்றல் கரைவு = 0.64 × 2.67 × N³. கிலோவுக்கு 2.45 நானோவாட் வரும். (0.64 என்பது 0.8-இன் வர்க்கம், டில்லன் 1982-ல் தந்த விகிதம்.) இத்துணூண்டா என்று தோன்றும். பவானிசாகர் அணை நிறைய, அதாவது 32.8 டி.எம்.சி. தண்ணீர் இதே வேகத்தில் கலங்கினால் மொத்தம் சுமார் 2,300 வாட். நம் தோட்டத்து 3 எச்.பி. மோட்டார் ஒன்று, அவ்வளவுதான்.

படி 6. கலக்கம் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று சொல்வது கலப்புக் குணகம். கலப்புக் குணகம் = 0.2 × கரைவு ÷ N². விடை நொடிக்குச் சுமார் 4 சதுர செ.மீ. அந்த 0.2, ஆஸ்பார்ன் 1980-ல் கொடுத்தது: வெப்பமாகக் கரைவதில் ஐந்தில் ஒரு பங்கு அளவு, கனமான நீரைத் தூக்கச் செலவாகிறது. எல்லா இடத்திலும் 0.2 தானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பழகுபவர்கள் அதில் தலையிட வேண்டாம்.

இந்த 4 அந்த மூன்று மீட்டருக்கு மட்டும். நான் முதல்முறை இதையே கடலின் விடை என்று எழுதி வைத்தேன். 100 மீட்டரில் புரண்டது இந்த 3 மீட்டர்தான் என்றால், சராசரி 0.12-க்கு இறங்கிவிடும். திறந்த கடலின் நடுவே அளந்தாலும் 0.1 சுமாருக்குத்தான் கிடைக்கிறது. ஆனால் 1966-ல் கடலியலாளர் வால்டர் மங்க் போட்ட கணக்குப்படி ஆழ்கடலுக்கு 1 வேண்டும். மீதிக் கலக்கத்தில் ஒரு பங்கு 1990-களில் பிரேசில் படுகையில் தென்பட்டது: சமதளத்துக்கு மேல் நீர் அமைதி, கரடுமுரடான நடு அட்லாண்டிக் மலைத்தொடருக்கு மேல் பல மடங்கு கொந்தளிப்பு. அதனால் பயிற்சிக்கு மலைமேல் எடுத்த தரவையும் சமதளத் தரவையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

அப்புறம், கப்பல் ஆடும்போது கருவி மேலே இழுபட்டு, அளந்த தண்ணீரையே மறுபடி அளக்கும். அதுவும் புரளல் மாதிரியே தெரியும். ஆழம் ஏறாமல் பின்வாங்கும் வரிகளை இரண்டாம் படிக்கு முன்பே அழித்துவிடுங்கள்.