பக்கத்து ஊருக்கு ஜோடியா ஒரு வீக்கெண்ட்: நாம வழக்கமா சொதப்பற இடங்கள்

பக்கத்து ஊருக்குத்தான போறோம், இதுக்கு என்ன பெரிய பிளானுன்னு நினைக்கறோம் பாருங்க, அங்கதான் மொத்த சொதப்பலும் ஆரம்பிக்குது. தூரமா போறதுன்னா டிக்கெட்லேர்ந்து தலைவலி மாத்திரை வரைக்கும் லிஸ்ட் போடற ஆளுங்க, ஒரு மணிநேர தூரத்துல இருக்கற டவுனுக்குன்னா சனிக்கிழமை காலைல பல்லு விளக்கிக்கிட்டே ரூம் தேடுவாங்க. நாங்களும் அப்படித்தான் இருந்தோம், மூணு நாலு தடவ போய் ரெஸ்ட் எடுக்காமலே திரும்பி வந்தப்புறம்தான் கொஞ்சம் புத்தி வந்துச்சு.

மொதல்ல மணிக்கணக்க பாத்துடலாம். வீக்கெண்டுன்னதும் 48 மணிநேரம்னு மனசுல ஓடும். ஆனா நிறைய ஹோட்டல்ல செக்-இன் மதியம் 2 இல்ல 3 மணி, செக்-அவுட் மறுநாள் 11 இல்ல 12. மூணுலேர்ந்து பதினொண்ணுன்னா ரூம் உங்க கைல இருக்கறது 20 மணிநேரம்தான், தூக்கத்துக்கு 8 போக மிச்சம் 12. இந்த 12க்குள்ள பார்க், மியூசியம், ஷாப்பிங், ஸ்பா, நல்ல ரெஸ்டாரண்ட் ரெண்டுன்னு அடைச்சா அதுக்கு பேரு ரெஸ்ட் இல்ல, டியூட்டி. பக்கத்துல போறதோட ஒரே லாபம் பயண நேரம் மிச்சமாகறது, அந்த மிச்சத்தையும் ஊர் சுத்தியே தீத்துட்டா தூரமாவே போயிருக்கலாமே.

ஒரு தடவ சீக்கிரம் கெளம்பிட்டா நாள் முழுக்க கிடைக்கும்னு பதினொன்றரைக்கே போய் ரிசப்ஷன்ல நின்னோம். "ரூம் ரெடியாக ரெண்டு மணி ஆகும் மேடம்"னாங்க. ரெண்டரை மணிநேரம் சோபால பைய மடில வச்சுக்கிட்டு அவர் போன பாக்க, நான் லிஃப்ட் ஏறி இறங்கறத பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், ரூமுக்கு போறப்ப ரெண்டு பேர் மூஞ்சும் உர்ருனு இருந்துச்சு. பெரும்பாலான இடத்துல செக்-இன்னுக்கு முன்னாடியும் செக்-அவுட்டுக்கு அப்புறமும் பைய ரிசப்ஷன்லயே வச்சிட்டு வெளிய போகலாம், கேட்டா போதும். அது அன்னைக்கு எங்களுக்கு தெரியல. லேட் செக்-அவுட்டும் அதே மாதிரிதான், ஞாயித்துக்கிழமை புதுசா வர்றவங்க கம்மியா இருந்தா ஒரு மணிநேரம் சேத்து குடுக்க வாய்ப்பு இருக்கு, முந்தின நாளே கேட்டு வச்சிடுங்க.

ரூம் புக் பண்றப்ப போட்டோவ மட்டும் பாக்கறது அடுத்த தப்பு. டபுள் ரூம்னு போட்டிருந்தா ஒரே பெரிய கட்டில்னு நினைக்காதீங்க, சில இடத்துல ரெண்டு சிங்கிள் கட்டில சேத்துப் போட்டு மேல ஒரே பெட்ஷீட்ட விரிச்சிருப்பாங்க, ராத்திரி நடுவுல இருக்கற பள்ளத்துல யாராவது ஒருத்தர் இறங்கிடுவோம். எங்க வீட்ல அது எப்பவும் நான்தான். அதனால ஒரே கட்டிலான்னு போன் போட்டு கேட்டுக்கோங்க. லிஃப்ட் பக்கத்துல வேணாம், மெயின் ரோட்ட பாத்த ஜன்னல் வேணாம்னு அதே போன்லயே சொல்லிடலாம். அதவிட முக்கியமா, அன்னைக்கு அங்க ஏதாவது ஃபங்ஷன் இருக்கான்னு கேளுங்க. புறநகர் ஹோட்டல் நிறைய, வாரநாள்ல ஆபீஸ் ஆளுங்கள நம்பி ஓடுறது, வீக்கெண்ட்ல ஹால வாடகைக்கு விடுவாங்க, அப்புறம் நீங்க அமைதிய தேடிப் போன இடத்துல நடுராத்திரி வரைக்கும் ஸ்பீக்கரோட சேந்து கட்டிலும் அதிரும்.

இன்னொண்ணு, மொத ராத்திரி தூக்கம் சரியா வரலன்னா ரூம குறை சொல்லாதீங்க, அவரயும் குறை சொல்லாதீங்க. அமெரிக்காவுல இருக்கற பிரவுன் பல்கலைக்கழகத்து ஆளுங்க 2016ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, புது இடத்துல மொத நாள் தூங்கறப்ப மூளையோட இடது பக்கம் வலது பக்கம் அளவுக்கு ஆழமா தூங்கறதில்ல, காவலுக்கு நிக்கற மாதிரி பாதி முழிச்சிருக்குன்னு. ஒரே ஒரு ராத்திரி தங்கறவங்களுக்கு அந்த மொத ராத்திரி மட்டும்தான் கிடைக்குது! அதனால மறுநாள் காலைல எதையும் புக் பண்ணி வைக்காம விட்டுடறது நல்லது, விட்ட தூக்கத்த அப்ப பிடிச்சிக்கலாம்.

தூரத்த கிலோமீட்டர்ல பாக்கறதும் ஒரு கெட்ட பழக்கம். சிட்டில வேல பாத்துட்டு புறநகருக்கு வீடு திரும்பற கூட்டமும் வீக்கெண்ட் கூட்டமும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ரோட்டுல சேரும், நாப்பது நிமிஷ தூரம் ரெண்டு மணிநேரம் ஆகறது அன்னைக்குத்தான். மேப்ல கெளம்பற நேரத்த மாத்திப் போட்டு பாக்கலாம், ஞாபகம் இருக்கட்டும். ட்ரெயின்ல போறவங்க ஞாயித்துக்கிழமை டைம்டேபிள தனியா பாருங்க, வண்டி கம்மியா இருக்கும், தண்டவாள வேலையும் நிறைய ஊர்ல அன்னைக்குத்தான் வைப்பாங்க. சின்ன டவுன்ல கிச்சன் சீக்கிரம் மூடிடும், கடை பத்து மணி வரைக்கும்னு போட்டிருந்தாலும் லாஸ்ட் ஆர்டர் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். ஒன்பதரைக்கு நான் "ஏங்க, இப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்றது"ன்னு கேட்டு, அவர் "நீதான பாத்து வச்சிருக்கேன்னு சொன்ன"ன்னு ஆரம்பிச்ச சண்ட இருக்கே, அத விடுங்க.

இப்ப பக்கத்துல போறதுக்கே உரிய ஆபத்துக்கு வரேன், தூரமா போறவங்களுக்கு இந்த தொல்லை கிடையாது. நீங்க பக்கத்துலதான் இருக்கீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஆபீஸ்ல கூச்சமே படாம கூப்பிடுவாங்க. வீட்ல "அந்த ஊர்லதான சித்தி இருக்கா, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்களேன்"ம்பாங்க. ஒரு எட்டுன்னு போனா மூணு மணிநேரம், ரூம்ல முழிச்சிருக்கற அந்த 12 மணிநேரத்துல கால்வாசி காலி. நாங்க இப்ப எந்த ஊருன்னே சொல்றதில்ல, அவசரத்துக்கு கூப்பிட வேண்டிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லிட்டு கெளம்பிடறோம். பொய் இல்ல, கேட்டா சொல்லுவோம், கேக்கற அளவுக்கு விடறதில்ல அவ்ளோதான்.

அப்புறம் வீட்ல பேச நேரமில்லன்னு வீட்டு லோன், மாமியார் விஷயம், பையன் மார்க்குனு எல்லாத்தையும் மூட்ட கட்டி எடுத்துட்டு போறது. மாசக்கணக்கா சேத்து வச்சத ஒரே ராத்திரில பேசி முடிக்க பாத்தா பக்கத்து ரூம்காரங்களுக்குத்தான் பொழுதுபோக்கு. அதுக்குன்னு அங்கயும் நம்ம ஏரியால இருக்கற அதே மால், அதே தியேட்டர்னு போய் உக்காராதீங்க. ஆர்தர் ஏரன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரும் அவரோட குழுவும் 2000ல வெளியிட்ட ஆய்வுல, ஜோடிங்களோட கையையும் காலையும் ஒருத்தரோட ஒருத்தரா வெல்க்ரோங்கற ஒட்டுற பட்டைல கட்டி, ஒரு தலகாணிய கை படாம நகத்திக்கிட்டே பாய்மேல தவழ விட்டாங்க. ஏழே நிமிஷம்தான், ஆனா சப்பையான வேலைய பண்ண ஜோடிங்கள விட இவங்க உறவ பத்தி நல்லவிதமா சொன்னாங்க. உங்கள தவழ சொல்லல. ரெண்டு பேருக்கும் தெரியாத ஏதாவது ஒண்ணு போதும், வாடகை சைக்கிள், பேரே தெரியாத தெருவுல ஒரு நடை, அந்த மாதிரி. ஒண்ணு போதும், ரெண்டாவது வேணாம்.

கடைசியா ஞாயித்துக்கிழமை சாயங்காலம். கடைசி நிமிஷம் வரைக்கும் பிழிஞ்சு எடுத்துட்டு ஆறு மணிக்கு கெளம்பி ஊரே திரும்பற ட்ராஃபிக்ல மாட்டுறது நாம எல்லாரும் பண்றதுதான். டேனியல் கானமன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரோட குழு 1993ல வெளியிட்ட ஒரு சோதனைல, கை வலிக்கற அளவுக்கு ஜில்லுனு இருக்கற 14 டிகிரி செல்சியஸ் தண்ணில 60 செகண்ட் கைய வைக்க சொன்னாங்க, இன்னொரு தடவ அதே 60 செகண்டோட கூட 30 செகண்ட், அந்த முப்பதுல மட்டும் தண்ணிய ஒரு டிகிரி சூடாக்கினாங்க. எத மறுபடி பண்றீங்கன்னு கேட்டா அதிகம் பேர் அந்த நீளமானதத்தான் எடுத்தாங்க, முடிவு கொஞ்சம் தேவலையா இருந்ததால. நம்ம ட்ரிப்ல முடிவு ரோட்டுல ஹாரன் சத்தத்துல நடக்குது, ஞாபகத்துல நிக்கறதும் அதான்.

நாங்க இப்பல்லாம் சாப்பிட்டு மூணு மணிக்கே கெளம்பிடறோம். சனிக்கிழமை வீட்ட பூட்டறதுக்கு முன்னாடியே நம்ம கட்டில்ல பெட்ஷீட் மாத்தி, சிங்க்ல ஒரு டம்ளர் கூட இல்லாம கழுவி வச்சிட்டு போறது அவரோட ஐடியா. நாலரைக்கு உள்ள வந்து செருப்ப கழட்டிட்டு நேரா அதுல விழுந்துடலாம், நடுவுல பள்ளமும் கிடையாது.