பருந்தின்றிப் புறாக்களை விலக்குதல்

லண்டனின் விம்பிள்டன் மைதானத்தில் ரூஃபஸ் என்ற பழக்கப்பட்ட ஹாரிஸ் பருந்து புறாக்களை விரட்டுவதைப் பார்த்துவிட்டு, நம் வேளச்சேரி அடுக்ககத்திலும் அப்படிச் செய்யலாமே என்று எண்ண வேண்டாம். நம் நாட்டுப் பருந்துகளையும் வல்லூறுகளையும் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

பால்கனியில் 50 மில்லிமீட்டர் கண்ணுள்ள நைலான் வலையை இடைவெளியின்றி இழுத்துக் கட்டுவதே நிலைத்த பலன் தரும். அங்கே முட்டையோ குஞ்சோ இருந்தால், குஞ்சு வளர்ந்து பறந்து செல்லும் வரை பொறுத்திருப்பதே எனக்குச் சரியெனப் படுகிறது. முட்டையிட்டதிலிருந்து ஏறத்தாழ 7 வாரம் ஆகும்.

வீட்டில் காயம்பட்ட நாயோ பூனையோ இருந்தால், முகக்கவசம் அணிந்து, பால்கனியில் உலர்ந்த புறா எச்சத்தைப் பெருக்காமல் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தெடுக்கும் வரை அந்த விலங்கை உள்ளறையிலேயே வைத்திருங்கள். காயக்கட்டு நனைந்தாலோ துர்நாற்றம் வந்தாலோ, நாளைக்குத் தள்ளாமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே கொண்டுசெல்லுங்கள்.