கூட்டத்தில் நிற்பதும் நடிப்புதான்: ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர், "சும்மா கூட்டத்துல நிக்கணும், அவ்வளவுதானே" என்ற நினைப்போடு வருகிறார்கள். பாதித் தவறுகள் இந்த நினைப்பிலிருந்துதான் முளைக்கின்றன.

முக்கியமானது கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருப்பது. டீக்கடைக் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயகன் "நாளைக்கு வரேன்" என்கிறபோது, பின்னால் பெஞ்சில் இருக்கும் நீங்கள் வலது கையால் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடிக்கிறீர்கள். அது லாங் ஷாட். லைட்டை மாற்றி அதே வசனத்தைக் குளோஸப்பில் எடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அப்போதும் அதே வார்த்தையில், அதே கையால், கிளாஸில் அதே அளவு டீயோடு குடிக்க வேண்டும். கை மாறினால் எடிட்டிங்கில் இரண்டு ஷாட்டும் ஒட்டாது. நாயகன் எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் அந்த டேக் வீணாகலாம். அதனால் முதல் டேக்கிலேயே, திரும்பத் திரும்பச் செய்ய முடிந்ததை மட்டும் செய்யுங்கள். கல்யாணப் பந்தி சீனில் முதல் டேக்கில் அள்ளிச் சாப்பிட்டால் ஆறாவது டேக்கில் திணறிப்போவீர்கள். இலையில் கையை அளைந்து, வாய்க்குக் கொஞ்சமாகக் கொண்டுபோனால் போதும். "ஒன் மோர்" என்று குரல் கேட்டதும், ஷாட்டைத் தொடங்கிய இடத்துக்கு நீங்களாகவே திரும்பிவிடுங்கள். பிரேக்கில் வாட்சைக் கழற்றுவது, பொட்டை மாற்றுவது எதுவும் வேண்டாம்.

அடுத்தது, முகம் தெரிய வேண்டும் என்ற ஆசை. 2010-ல் நாயகனாகும் முன் விஜய் சேதுபதியும் கூட்டத்தில் ஒருவராக நின்றவர்தான். அந்த நம்பிக்கையோடு வருவதில் தவறே இல்லை. ஆனால் லென்ஸைப் பார்ப்பதும், உதவி இயக்குநர் நிறுத்திய இடத்தை விட்டு நாயகன் தோளோரம் நகர்வதும் ஃபிரேமைக் கெடுக்கும். அப்படிச் செய்பவரை அடுத்த ஷாட்டில் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள்.

லைவ் சவுண்டில், அதாவது ஒலியை அங்கேயே பதிவு செய்து எடுக்கும்போது, பின்னணியில் பேசுவதுபோல் உதட்டை மட்டும் அசைக்க வேண்டும். கிசுகிசுப்பும் மைக்கில் ஏறும்; கொலுசும் கண்ணாடி வளையலும்கூட. செல்போனை சுவிட்ச் ஆஃப் செய்துவிடுங்கள். செட்டில் எடுத்த செல்ஃபியை ஸ்டேட்டஸில் போட்டால், கதையோ கெட்டப்போ வெளியாகிவிடும். உங்களை அழைத்து வந்த ஏஜென்ட்டுக்கும் கெட்ட பெயர்.

உடை விஷயம் சுருக்கம்தான்: பளிச் வெள்ளை, நெருக்கமான பொடிக் கட்டம், பெரிய பிராண்ட் எழுத்து ஆகியவற்றைத் தவிருங்கள். கிரீன் மேட் (பின்னணியைப் பிறகு மாற்றுவதற்காகக் கட்டும் பச்சைத் திரை) இருந்தால் பச்சையும் கூடாது. மாற்றுக்கு இரண்டு செட் கையில் இருக்கட்டும்.

ஓய்வு கிடைத்ததும் கிரேனுக்கும் லைட் ஸ்டாண்டுக்கும் அடியில் நிழல் தேடி உட்காராதீர்கள். 2020 பிப்ரவரி 19 இரவு, சென்னையை அடுத்த ஈவிபி ஃபிலிம் சிட்டியில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். கிரேனுக்கு அடியில் உட்காரச் சொல்வது யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். பாத்ரூம் போவதென்றாலும் உதவி இயக்குநரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கடைசியாகப் பணம். ஏஜென்ட் உங்கள் சம்பளத்தில் கமிஷன் எடுப்பது தொழில் வழக்கம். ஆனால் வாய்ப்புக்கு முன்பணம், போட்டோஷூட் கட்டணம், மெம்பர்ஷிப் என்று முதலிலேயே கை நீட்டுபவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். உறுப்பினர் கார்டு வேண்டுமென்றால், பெப்சி எனப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தின் கீழுள்ள சங்கத்தில் நேரே போய் விசாரியுங்கள். சம்பளம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, பேட்டா உண்டா, நேரம் நீண்டால் கூடுதல் உண்டா என்பதையெல்லாம் வண்டி ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். பேக்கப் ஆகி, அன்றைய படப்பிடிப்பு முடிந்த பிறகு நள்ளிரவில் கேட்டால், பதில் சொல்ல அங்கே ஆள் இருக்க மாட்டார்கள்.