ஒரே கொத்தனார், இரண்டு வேலை: எதை முதலில் போடுவது?

வீட்டில் சின்ன மராமத்து என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரீஷியன், பிளம்பர், பெயின்டர், கொத்தனார், ஒவ்வொருவரிலும் ஒரே ஆள். அட்டவணை போடத் தாளும் பென்சிலும் போதும்.

படி 1: வேலை, நாள், ஆள் மூன்றையும் வரிசையாக எழுதுங்கள்.

அறை: சுவர் வெட்டி ஒயரிங் பைப் பதிக்க 2 நாள் (எலக்ட்ரீஷியன்), பூச்சு 3 நாள் (கொத்தனார்), க்யூரிங் (பூச்சு இறுகும்வரை ஈரமாக வைத்திருப்பது) 7 நாள், பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க 4 நாள் (பெயின்டர்).

குளியலறை: பைப் லைன் 2 நாள் (பிளம்பர்), டைல்ஸ் 4 நாள் (அதே கொத்தனார்), குழாய் மாட்ட 1 நாள் (பிளம்பர்).

க்யூரிங்கைப் பலர் எழுதுவதே இல்லை. தண்ணீர் தெளிக்க வீட்டு ஆட்களே போதும்தான், ஆனால் நாள் ஓடுமே!

படி 2: ஆள் பற்றாக்குறையை மறந்துவிட்டுக் கூட்டுங்கள். அறைக்கு 16 நாள், குளியலறைக்கு 7. ஆக, குளியலறை வேலையை 9 நாள் வரை தள்ளலாம். அறையில் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. 1950களின் பிற்பகுதியில் டியூபாண்ட் நிறுவனத்தில் உருவான ‘கிரிட்டிக்கல் பாத்’ கணக்கு அடிப்படையில் இதுதான். கேட்ட நேரத்தில் ஆள் கிடைப்பார் என்று அது நம்பிவிடும். நம் சிக்கல் அங்கேதான்.

படி 3: மோதலைத் தேடுங்கள். 3ஆம் நாள் காலையில் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் ஒரே கொத்தனார் வேண்டும்.

படி 4: அவகாசம் குறைந்த வேலைக்கு ஆளைக் கொடுங்கள். பூச்சு 3 முதல் 5ஆம் நாள் வரை. க்யூரிங் நடக்கும்போதே 6 முதல் 9 வரை டைல்ஸ். 13 முதல் 16 வரை பெயின்ட். மொத்தம் அதே 16 நாள்.

மாற்றிப் போட்டால்? டைல்ஸ் 6ஆம் நாள் முடியும். பூச்சு 7 முதல் 9, க்யூரிங் 16 வரை, பெயின்ட் முடிய 20 நாள். “முதலில் பாத்ரூமை முடிங்க” என்று வீட்டில் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதற்கு விலை 4 நாள் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இந்த விதி எப்போதும் மிகச் சிறந்த அட்டவணையைத் தந்துவிடாது. வேலைகள் பெருகினால் இரண்டு மூன்று வரிசைகளைப் போட்டு ஒப்பிடுங்கள்.

படி 5: ஆள்வாரியாகத் தேதி சொல்லுங்கள். பிளம்பர் குழாய் மாட்ட 10 முதல் 16 வரை எந்த நாளும் வரலாம், அவர் வசதிக்கு விடுங்கள். பெயின்டரிடம் மட்டும் 13ஆம் நாளை இப்போதே உறுதி செய்துவிடுங்கள்.